சோதனை மேசையில் யார் உட்காரலாம்

நாற்பத்தோராவது மோட்டரும் சோதனையில் தோற்றபோது ராமச்சந்திரன் கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியால் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, பதினான்கு பேர் வேலை செய்யும் அந்த மேல்மாடி முழுக்கக் காதில் விழும்படி கேட்டார்:

“துஷ்யந்தி, நீ இப்ப சுத்தமாத்தான் இருக்கியா?”

ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. அந்தக் கேள்விக்கு அந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். அறையிலிருந்த பெண்கள் எல்லோருக்கும் அது புரிந்தது. ஆண்களுக்கும் புரிந்தது, அவர்களுக்கு உடனே தங்கள் கையிலிருந்த திருகாணிகள் மீது பெரிய அக்கறை வந்துவிட்டது.

துஷ்யந்தி நாற்காலியைத் திருப்பினாள்.

“அது மோட்டருக்குத் தெரியணுமாண்ணே, ஒங்களுக்குத் தெரியணுமா?”

கம்பிச் சுருள் சுற்றும் மேசையிலிருந்த ஹபீலா சிரித்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது.

“சிரிப்பென்ன சிரிப்பு? சாமி இருக்கிற எடம்,” என்றார் ராமச்சந்திரன். “எல்லாப் புள்ளைங்களும் அந்த மூணு நாளைக்குப் பாக்கிங்குக்குப் போகுது, வருது. ரெண்டு மாசமா நீ மட்டும் ஒருக்காவாவது வந்து சொன்னியா? ஒனக்கு மட்டும் வராதா?”

“வருது. இன்னைக்கு ரெண்டாவது நாள். எழுதிக்கிறீங்களா?”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தெஹியோவிட்ட டவுனில், நிஸார் நானாவின் ஹாட்வெயார் கடைக்கு மேலே இருக்கிறது அந்த வேலைத்தலம், அதுவும் அவருடையதுதான். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று உதிரிகளை அனுப்பும். இங்கே சுருள் சுற்றி, பூட்டி, சோதித்து, பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார்களுக்கான மோட்டர்கள். கைக்குள் அடங்கிவிடும். விளையாட்டுச் சாமான்தானே என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை முழு வேகத்தில் சுழலவிட்டுப் பார்க்க வேண்டும், பல் கூசும்.

பழைய மோட்டரில் கரித்துண்டுகள் உரசி உரசி மின்சாரத்தை உள்ளே கொடுக்கும். இதில் உரசலே கிடையாது. நடுவில் ஒரு காந்தம் சுழல்கிறது. சுற்றியுள்ள சுருள்களில் எதற்கு, எந்தக் கணத்தில் மின்சாரம் கொடுப்பது என்று வெளியே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி தீர்மானிக்கிறது. காந்தம் இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று அந்தப் பெட்டிக்குச் சொல்ல, மோட்டரின் பின்பக்கத்தில் அரிசியளவில் மூன்று சென்சர்கள். அவை சரியாகச் சொன்னால் கார் பூனைபோலக் கிளம்பும். தப்பாகச் சொன்னால் வலிப்பு வந்ததுபோல் உதறிக்கொண்டு நிற்கும். அந்த மூன்றும் உண்மை சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் துஷ்யந்தியின் வேலை. திரையில் மூன்று கோடுகள் ஓடும். ஒவ்வொரு கோடும் பாதிச் சுற்றுக்கு ஏறி நிற்க வேண்டும், பாதிச் சுற்றுக்கு இறங்கி நிற்க வேண்டும். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை.

அவள் அந்த நாற்காலிக்கு வந்தது சும்மா இல்லை. றப்பர் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களில் கடைசி லயத்தில் பிறந்தவள். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆளில்லாமலே இரண்டு வருஷம் போனது. அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் முற்றம் கூட்டினார்கள். பிறகு அவிசாவளையில் தொழிற்பயிற்சி. அங்கே எல்லாம் சிங்களம். முதல் மூன்று மாதம் ஆசிரியர் சொன்னதை ஒலி மாறாமல் தமிழ் எழுத்தில் எழுதிவந்து, ராத்திரி முழுக்க அர்த்தம் தேடினாள். படிப்பின் கடைசியில் தன் கையால் ஒரு சின்னப் பெட்டி செய்தாள்: ஒரு பற்றரி, ஒரு வயர், மூன்று சிவப்பு விளக்குகள். சென்சர் மோட்டரை அதில் மாட்டி அச்சைக் கையால் திருப்பினால் மூன்று விளக்குகளும் முறை வைத்து எரிந்து அணையும்.

நிஸார் நானாவிடம் அவள் சேர்ந்தது பாக்கிங் வேலைக்குத்தான். இரண்டாவது கிழமையே ஒரு மோட்டரைத் தூக்கிக்கொண்டு கீழே கடைக்கு இறங்கிப்போனாள்.

“இது பாஸ்னு சீட்டு ஒட்டியிருக்கு நானா. ஆனா ஒரு சென்சர் செத்துப்போச்சு.”

“ஒனக்கு எப்புடிப் புள்ள தெரியும்?”

அவள் சாப்பாட்டுப் பையிலிருந்து விளக்குப் பெட்டியை எடுத்துக் காட்டினாள். நிஸார் நானா விளக்குகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுநாள் சோதனை மேசையில் உட்காரவைத்தார். வெளிநாட்டுக் கொம்பனி அவளுக்கு ஓர் எண் கொடுத்தது: சோதிப்பவர் எண் ஏழு. நாலு வருஷமாக அவள் ‘சரி’ என்று போட்ட ஒரு மோட்டர்கூடத் திரும்பி வந்ததில்லை. ஆனால் அந்த எண் இருக்கிறதே, அது ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருப்பது. ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு படிவம் போகும். அதில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘சோதித்தவரின் தவறு’ என்று எழுதப்பட்டால், எண்ணை அடித்துவிடுவார்கள். திருப்பித் தரமாட்டார்கள்.

ராமச்சந்திரன் மேற்பார்வையாளர். துஷ்யந்தியின் தோட்டத்துக்காரர்தான், கோயில் கமிட்டிச் செயலாளர். வேலையில் சுத்தமான மனிதர், மயிரிழை தடிப்புள்ள கம்பியையும் அறாமல் சுற்றக்கூடிய விரல்கள். சரஸ்வதி பூசையன்று எல்லா மெசினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபிறகு, பையிலிருந்து ஒரு பிள்ளையாரை எடுத்தார். லொறிகளின் முன்தட்டில் ஒட்டிவைக்கும் சின்னப் பிள்ளையார், அடியில் காந்தம். றக்வானப் பாதையின் வளைவுகளில் லொறியே சாய்ந்தாலும் சாயாத காந்தம். அதை ஜன்னல் கம்பியில் ஒட்டினார். மறுநாள் சுவரில் ஒரு தாளும் ஒட்டினார்: சாமி இருப்பதால், தீட்டு நாட்களில் பெண்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு பாக்கிங் பக்கம் போக வேண்டும்.

ஐம்பது வயது ஆணிடம் போய்ச் சொல்ல வேண்டும். ஜீவராணி என்ற பெண் முதல் முறை சொல்லப் போனபோது, சொல்ல வாய் வராமல் பாக்கிங் மேசையைக் கையால் காட்டிவிட்டு அழுதாள். அவர் தலையாட்டி, கலண்டரில் ஒரு புள்ளி வைத்தார். துஷ்யந்தி போகவும் இல்லை, சொல்லவும் இல்லை.

ஒரு மாதம், இரண்டு மாதம் எதுவும் நடக்கவில்லை. இந்தச் செவ்வாய்க்கிழமை மூன்று மோட்டர்கள் தோற்றன. திரையில் ஒரு கோடு இல்லவே இல்லை. சென்சர் தகட்டில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. நடக்கிற விஷயம்தான். ராமச்சந்திரன் மனங்கலங்கி, பிள்ளையாரை ஜன்னலிலிருந்து எடுத்துச் சோதனை மேசைக்குக் கொண்டுவந்தார். புதன்கிழமை பதினொன்று தோற்றன. அவர் பிள்ளையாரை இன்னும் கிட்டே கொண்டுவந்து, மோட்டரைப் பிடித்து நிறுத்தும் இரும்புச் சட்டத்திலேயே ஒட்டினார். ஓடும் மோட்டருக்கும் பிள்ளையாருக்கும் நடுவே இரண்டு விரல்தான் இடைவெளி. வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் இன்னும் இருபத்தேழு. சாமி கிட்ட வர வர மோட்டர் சாகிறது என்ற கணக்கு அங்கே யாருக்கும் தோன்றவில்லை. சாமியைக் கேள்வி கேட்பதைவிட ஒரு பெண்ணைக் கேள்வி கேட்பது எப்போதுமே எளிது.

“எந்திரி,” என்றார் ராமச்சந்திரன். “ஜீவராணி, நீ வந்து உக்காரு.”

துஷ்யந்தி எழுந்தாள். ஜீவராணி பயந்துகொண்டே உட்கார்ந்து ஆறு மோட்டர்களைச் சோதித்தாள். ஆறும் தோற்றன.

“தீட்டு நாற்காலியிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கு,” என்று சொல்லிவிட்டு ராமச்சந்திரன் ஒரு போத்தலில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் தெளித்தார். மேசையில் தெளித்தார். ஒரு துளி கட்டுப்பாட்டுப் பெட்டியின் திறந்த பக்கத்தில் போய் விழுந்தது.

“அண்ணே! கரண்ட் ஓடுதுண்ணே அதுல!” துஷ்யந்தி பாய்ந்து சுவிட்சை அடித்தாள். “என்னையத் திட்டுறதுன்னா திட்டுங்க. பெட்டி ஒங்கள என்னா செஞ்சுச்சு?”

“கைய எடு அதுலருந்து!”

அவள் கையை எடுத்தாள். சாயங்காலம் அவர் படிவத்தை நிரப்புவதை பாக்கிங் மேசையிலிருந்து பார்த்தாள். ‘காரணம்’ கட்டத்தில் பேனை கொஞ்ச நேரம் நின்றது, பிறகு எழுதியது. சோதித்தவரின் தவறு. எண் ஏழு. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு லொறி வரும். அதற்குமுன் நிஸார் நானா கையெழுத்து வைக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனபோது விஷயம் அவளுக்கு முன்பே லயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா தங்கம்மா வாசலில் நின்று அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“ஏன்டி வாயக் குடுத்த? மூணு நாளு பாக்கிங்குல இருந்துட்டு வந்தா கொறஞ்சா போயிருவ? இப்ப வேலையும் போகப்போகுது, பேரும் போகப்போகுது.”

“நீ எத்தன வருஷம்மா பால் வெட்டுன?”

“அது எதுக்கு இப்ப? முப்பத்திரெண்டு.”

“மாசத்துல மூணு நாளு வீட்டுல இருன்னு எந்தத் தொரையாவது சொன்னானா? எந்தக் கங்காணியாவது சொன்னானா? ஒன் தீட்டுல ஒரு வாளிப் பாலாவது திரிஞ்சு போச்சா?”

தங்கம்மாவின் கை அரிசிக்குள் நின்றது.

“மேட்டு மலையில வெட்டிக்கிட்டு இருக்கறப்ப துணி நனஞ்சு காலு வழியா வழியும்,” என்றாள் மெதுவாக. “மழக்காலம். அட்ட கடிச்ச ரத்தமா இதுவான்னு எனக்கே தெரியாது. கங்காணி பாத்தான். பால் கொறையுதுன்னுதான் கத்துனான்.” கழுநீரை வாழைக்கு ஊற்றினாள். “போ, போயிக் குளி.”

நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மலைகளில் பெண்கள் மாதத்தின் எல்லா நாட்களிலும் மரத்தைத் தொட்டிருக்கிறார்கள். அந்தப் பாலில் செய்த டயரில் உலகமே ஓடியிருக்கிறது. அப்போதெல்லாம் யாருக்கும் தீட்டு ஞாபகம் வந்ததில்லை. அந்தத் தோட்டத்திலேயே பிறந்த ஒருத்தி, முதுகு வளைக்காமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மின்சாரத்தை அளக்கிற அளவுக்கு வந்தபிறகுதான் அது ஞாபகம் வருகிறது. கக்கூசுக்குத் தண்ணீர் இல்லாத லயத்தில் சுத்தம் பேசாதவர்கள், ஒரு பெண்ணின் நாற்காலியில் வந்து சுத்தம் பேசுகிறார்கள்.

அன்று சாப்பிடும்போது துஷ்யந்தி அழவில்லை. திரையில் பார்த்த கோடுகளை யோசித்துக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை தோற்றவற்றில் ஒரு கோடே இல்லை. பிறகு தோற்றவற்றில் மூன்று கோடுகளும் இருந்தன, ஆனால் ஏறி நின்ற பகுதி நீளம், இறங்கி நின்ற பகுதி குட்டை. இரண்டும் ஒரே நோய் இல்லை. இது சென்சர் செத்ததால் வந்ததல்ல. உயிரோடு இருக்கிற சென்சருக்கு யாரோ பக்கத்தில் நின்று பொய் சொல்லிக்கொடுப்பதால் வருவது. காந்தத்தைத் தேடும் சென்சருக்கு யார் பொய் சொல்ல முடியும்? இன்னொரு காந்தம்தான்.

அவள் சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டாள். “என்னாடி?” என்றாள் தங்கம்மா.

“ஒண்ணுமில்லம்மா. நான் ஒரு மடச்சி. மூணு நாளா கண்ணுக்கு முன்னாலயே இருந்துச்சு.”

வெள்ளிக்கிழமை காலையில் பாக்கிங் மேசையில், தோற்ற மோட்டர்களில் ஒன்றை எடுத்துத் தன் விளக்குப் பெட்டியில் மாட்டி அச்சைத் திருப்பினாள். மூன்று விளக்குகளும் ஒழுங்காக எரிந்து அணைந்தன. இன்னொன்று. அதுவும் சரி. பத்துப் பார்த்தாள். பத்தும் சரி. பிறகு கீழே இறங்கி நிஸார் நானாவைக் கையோடு கூட்டிவந்தாள்.

“என்னத்தப் புள்ள? கடையில ஆள் ஈக்கி. என்ன விஷயம், சுருக்காச் செல்லு.”

“ஒரு நிமிஷம் நானா. விளக்க மட்டும் பாருங்க.”

மோட்டரைக் கையில் பிடித்து அச்சைத் திருப்பிக்கொண்டே அவள் சோதனை மேசையை நோக்கி நடந்தாள். விளக்குகள் எரிந்தன, அணைந்தன. இரும்புச் சட்டத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது ஒரு விளக்கு தயங்கியது. இரண்டு விரல் கிட்டே போனபோது அது அணையவே இல்லை. பின்னால் வந்தாள்; அணைந்து எரிந்தது. முன்னால் போனாள், அணையாமல் நின்றது.

“அது சாமியோட சக்தி,” என்றார் ராமச்சந்திரன். குரல் உறுதியாகத்தான் இருந்தது. “தீட்டோட கிட்டப் போனா அப்பிடித்தான் காட்டும்.”

“அப்ப ஹபீலா பிடிக்கட்டும்.”

ஹபீலா வந்து பிடித்தாள். விளக்கு அதே இடத்தில் நின்றது. “எனக்கு இன்னைக்கு ஒண்டுமில்ல ராமச்சந்திரன் அண்ணே,” என்றாள் அவள். “கலண்டர்ல பாருங்க, புள்ளி வெச்சீப்பீங்களே.”

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு. இந்த முறை யாரும் அதை அடக்கவில்லை.

“நானா, கடையில பழைய ஸ்பீக்கர் காந்தம் கெடக்கும். ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லுங்க,” என்றாள் துஷ்யந்தி. காந்தம் வந்தது. பாக்கிங் மேசையில், பிள்ளையாரிடமிருந்து தூரத்தில், அதை மோட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். விளக்கு அணையாமல் நின்றது. “இதுல சாமி இல்ல. வெறும் காந்தம். இதுவும் அதையேதான் செய்யுது.” பிறகு ராமச்சந்திரனிடம் திரும்பினாள். “இப்ப சாமிய மட்டும் பாப்போம். அடியில ரெண்டு ஆணி இருக்கு. நீங்களே காந்தத்தக் கழட்டுங்கண்ணே. நான் தொட்டா தீட்டும்பீங்க.”

“சாமியச் சோதிச்சுப் பாக்கிறியா நீ?”

“நாலு நாளா என்னைய சோதிச்சீங்கல்ல.”

“கழட்டுங்க ராமச்சந்திரன்,” என்றார் நிஸார் நானா. “ஒங்கட சாமி விஷயத்துல நான் கை போட மாட்டேன். ஆனா மோட்டர் என்ட.”

அந்தத் திறமையான விரல்கள் இரண்டு திருகாணிகளைக் கழற்றின. காந்தம் மேசைக் காலில் போய் டக்கென்று ஒட்டிக்கொண்டது. வெறும் பிள்ளையார் மோட்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தார். துஷ்யந்தி அச்சைத் திருப்பினாள். விளக்குகள் எரிந்தன, அணைந்தன, எரிந்தன, அணைந்தன.

“பிள்ளையார் மேலயும் குத்தமில்ல, என் மேலயும் குத்தமில்ல,” என்றாள்.

ராமச்சந்திரன் குனிந்து பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பிள்ளையாரே காட்டிக் குடுத்துட்டாரு பாத்தீங்களா!”

அந்த வார்த்தையில்தான் துஷ்யந்திக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. தோற்றது அவளால், கண்டுபிடித்தது பிள்ளையாரால். அவள் போய்ப் படிவத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“மாத்துங்க.”

“நானா வேற தாள் போட்டுக்குவாரு, நீ வேலையப் பாரு புள்ள.”

“இதுலயே. நீங்க எழுதுனத நீங்களே வெட்டி, பக்கத்துல கையெழுத்து வைங்க. கீழ என்னா காரணம்னு எழுதுங்க. அது வரைக்கும் நான் அந்த நாற்காலியில உக்கார மாட்டேன். அந்தச் சுவத்துத் தாள் இருக்கிற வரைக்கும் உக்கார மாட்டேன்.”

“ஹரி, ஹரி,” என்று சிங்களத்தில் ‘சரி’ சொன்னார் நிஸார் நானா. “சாமி கீமி எண்டு வெளிநாட்டுக்கு எழுதேலா. ‘வெளிக் காந்தம்’ எண்டு போடுங்க.”

“அது சரி நானா. அது உண்மதான்,” என்றாள் துஷ்யந்தி. “ஆனா ‘மேற்பார்வையாளர் வைத்தது’ன்னும் வரணும். அதுவும் உண்மதான்.”

ராமச்சந்திரன் பேனையைத் தொடவில்லை. துஷ்யந்தி கையைக் கட்டிக்கொண்டு பாக்கிங் மேசையில் சாய்ந்து நின்றாள். நாற்பத்தேழு மோட்டர்களையும் மறுபடி சோதித்துச் சீட்டு ஒட்டினால்தான் தொகுதி போகும். அதற்கு எண் ஏழு வேண்டும். மணி பன்னிரண்டாகியது. ஜீவராணி, அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், இரும்பு அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு தாள் ஒட்டியிருந்த சுவருக்குப் போனாள். நிஸார் நானாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“லொறி ரெண்டு மணிக்கு, ராமச்சந்திரன்,” என்றார் அவர். “எழுதுங்க. ஜீவராணி, நீ அதப் பிச்சுப் போடு.”

நியாயத்துக்காக இல்லை, லொறிக்காக. துஷ்யந்திக்கு அது தெரியும். தாள் கிழிந்த சத்தம் கேட்டது. பேனை நகர்ந்த சத்தமும் கேட்டது. மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மஞ்சள் கறை காய்ந்து அதில் அப்பியிருந்தது.

ஒவ்வொன்றாக மாட்டினாள். மூன்று கோடுகளும் பாதிக்குப் பாதி ஏறி இறங்கின. பின்னால் ராமச்சந்திரன் வந்து நின்றார். அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. நாற்பத்து நாலு ‘சரி’. கடைசியாகச் செவ்வாய்க்கிழமை தோற்ற மூன்று. ஒரு கோடு வரவே இல்லை.

“இந்த மூணையும் சேத்துப் போட்டுவிடு,” என்றார் அவர் மெதுவாக, கெஞ்சுவதுபோல. “முழுத் தொகுதியும் பாஸ்னு போகட்டும். ஒனக்கும் நல்லது.”

துஷ்யந்தி மூன்றிலும் சிவப்புச் சீட்டை ஒட்டினாள். எண் ஏழு என்று எழுதினாள்.

“இது மோசம்ண்ணே. செவ்வாக்கெழமையே மோசம். அன்னைக்கு எனக்கு ஒண்ணும் வரல,” என்றாள். “தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது.”